உங்களுக்குத் தெரியுமா? வெட்டி மிஞ்சிய துணிக்கு அருங்காட்சியகச் சுவரில் இடம்!

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஓர் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்ட சிற்றூர் கீஸ் பெண்ட். பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே கிழிந்த வேலைச்சட்டை, டெனிம், சாக்குத்துணி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இணைத்து ஒட்டுப்போர்வை தைத்தார்கள். கலைக்காக அல்ல, குளிருக்காக. அவர்களில் ஒருவரான மிசௌரி பெட்வே, கணவர் இறந்தபின் 1942-இல் தைத்த போர்வை, அந்தக் கணவரின் வேலை உடுப்புகளாலேயே ஆனது.

இவர்களுக்குப் பிடித்த அமைப்பின் பெயர் ‘வீட்டுக்கூரை’. நடுவில் ஒரு சதுரம்; அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். பட்டை குட்டையா? இன்னொரு துண்டை ஒட்டு. நிறம் தீர்ந்ததா? வேறு நிறம் போடு. கோடு கொஞ்சம் கோணினால் கோணட்டும். அந்தத் துணிச்சல்தான் அழகே!

1966-இல் அந்த வட்டாரப் பெண்கள் ‘ஃப்ரீடம் குவில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவைத் தொடங்கினார்கள். 1972-இல் சியர்ஸ் நிறுவனம் கார்டுராய் துணியில் திண்டுறைகள் தைக்கும் வேலையை அதற்குக் கொடுத்தது. வெட்டி மிஞ்சிய துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பொன்மஞ்சள், பச்சை, செர்ரிச் சிவப்பு என்று ஒரு காலகட்டப் போர்வைகள் முழுக்கக் கார்டுராய்தான்.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் கீஸ் பெண்ட் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது. அடுத்து நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம். 2006-இல் அமெரிக்க அஞ்சல்துறை 10 கீஸ் பெண்ட் போர்வைகளைத் தபால்தலைகளாக வெளியிட்டது.