திரையில் எழுத்துத் தெளியும் வகை

தாளில் மையினால் அச்சான எழுத்தின் வளைவு ஒரே ஒழுக்காக ஓடுவது. கணினித் திரையிலோ மெய்யான வளைவு என்பதில்லை. அங்கே உள்ளவை நிரைநிரையாக நிற்கும் சிறு ஒளிப்புள்ளிகளே. அகலத்தில் 1920 புள்ளிகளும் உயரத்தில் 1080 புள்ளிகளும் கொண்ட திரையில் அவை 20 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. எனினும், அவற்றால் அமையும் வளைகோடு உற்றுநோக்குமிடத்துப் படிக்கட்டுப் போலவே தோன்றும்.

சுழியும் வளைவும் மலிந்த தமிழெழுத்துக்கு இக்குறை பெரிது. மூன்று சுழி ணகரத்தின் ஒரு சுழி மங்கினால் ‘மணம்’ என்பது ‘மனம்’ ஆகிவிடும். குற்று மறைந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். காணி உறுதியொன்றைத் திரையிற் பார்த்துப் பிரதிசெய்யும் எழுதுவினைஞருக்கு இது சிறு காரியமன்று.

இக்குறையை நீக்க இரு முறைகள் உள. எழுத்தின் விளிம்பிலுள்ள புள்ளிகளுக்குக் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் நிறம் கொடுப்பது ஒன்று. கண் அதனை வழுவழுப்பான வளைவாகவே கொள்ளும். மற்றது சற்று நுட்பமானது. பெரும்பாலான திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று கீற்றுகளாலானது. அக்கீற்றுகளைத் தனித்தனியே ஆண்டால் கிடையாக மும்மடங்கு நுண்மை கிட்டும். மைக்ரோசொப்ட் நிறுவனம் 1998இல் அறிவித்த ‘கிளியர்டைப்’ இவ்வகையினது.

இனி, எழுத்து மங்கினால் செய்யத்தக்கது யாது? மங்கல் எங்கே உள்ளது என்பதையே முதலில் நோக்கவேண்டும்.

எழுத்துடன் படங்களும் சின்னங்களும் ஒருங்கே மங்கினால், திரைக்கு இயல்பான புள்ளித்தொகை மாற்றப்பட்டிருத்தல் கூடும். 1920 புள்ளித் திரையில் 1366 புள்ளிப் படத்தை இழுத்து நிரப்பினால் எழுத்துக் கலங்காமல் என் செய்யும்? எழுத்துச் சிறிதாயிருக்கிறதென்று புள்ளித்தொகையைக் குறைப்பது தவறு. அதனை இயல்பான அளவில் நிறுத்தி, உருவளவை நூற்றுக்கு 125 அல்லது 150 எனக் கூட்டுதலே முறை.

ஒரு செயலியில் மாத்திரம் மங்கல் தோன்றினால், அச்செயலி பழையதாயிருத்தல் கூடும். உருவளவு கூட்டப்பட்டதை அறியாது அது சிறிதாக வரைந்ததை, கணினி பெரிதாக இழுத்துக் காட்டுகிறது. செயலியைப் புதுப்பித்தலே இதற்கு நல்ல பரிகாரம்.

எழுத்தோரத்தில் செந்நிறமோ நீலநிறமோ கசிந்தால், கணினி எண்ணிய கீற்று வரிசையும் திரையின் உண்மையான வரிசையும் முரண்படுகின்றன எனலாம். திரையை நெடுக்காகத் திருப்பி வைத்தாலும் இவ்வாறு நேரும். விண்டோஸ் கணினியில் ‘கிளியர்டைப்’ எனத் தேடினால் சீராக்கும் கருவி தோன்றும். அது காட்டும் மாதிரிகளுள் தெளிவானதைத் தேர்ந்தால் போதும். அதன் பின்னும் நிறம் கசியுமாயின், கிளியர்டைப்பை நிறுத்திவிடுதல் நன்று.

இவை யாவும் காசு செலவின்றிச் சில நிமிடத்தில் ஆகக்கூடியவை. திரையைச் செவ்வைசெய்த பின்னரும் எழுத்துத் தெளியாவிடின், அப்பொழுது கண் வைத்தியரை நாடுவதற்குத் தாமதிக்கலாகாது.