படலம் அளக்கும் படிகம்

சவ்வாது மலையிலுள்ள காவலூரில் பெரிய தொலைநோக்கி ஒன்று உண்டு. 1986ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அதற்கு வானியல் அறிஞர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அதன் முதன்மை ஆடியின் விட்டம் 234 சென்டிமீட்டர். ஆயினும் விண்மீன் ஒளியைத் திருப்பி அனுப்புவது அப்பெருங் கண்ணாடியன்று. அதன்மேற் படிந்துள்ள அலுமினியப் படலமே ஆகும். இத்தகைய படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 100 நானோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு.

முன்னர்த் தொலைநோக்கி ஆடிகளுக்கு வெள்ளி பூசினர். வெள்ளி விரைவிற் கறுத்தது. 1930களில் ஜான் ஸ்ட்ராங் என்னும் அமெரிக்க அறிஞர் அலுமினியம் படிவிக்கும் முறையை வளர்த்தார். 1935இல் மவுண்ட் வில்சன் மலையிலுள்ள 100 அங்குல ஆடிக்கு அலுமினியம் இடப்பட்டது. காற்றகற்றிய கலத்தினுள் அவ்வுலோகத்தை மின்சாரத்தாற் சூடேற்றினால் அஃது உருகி ஆவியாகும். தடுக்கக் காற்றில்லாமையால், ஆவி நேரே சென்று ஆடியிற் படியும்.

மூடிய கலத்தினுள் இத்துணை மெல்லிய படலத்தை அளப்பது எங்ஙனம்? குவார்ட்சுப் படிகம் இதற்குத் துணை செய்கிறது. அழுத்தினால் இத்தகைய படிகங்களில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டனர். மின்சாரம் செலுத்தினாலோ படிகம் அதிரும். அதன்மேற் பொருள் படியப் படிய, அந்நிறைக்கேற்ப அதிர்வு குறையும் என்று 1959இல் செர்மானிய அறிஞர் சாவர்பிரே விளக்கினார். நொடிக்கு 60 இலட்சம் முறை அதிரும் படிகத்தில் 100 நானோமீட்டர் அலுமினியம் படிந்தால், ஏறத்தாழ 2,200 அதிர்வுகள் குறையும்.

கட்டுப்பாட்டுக் கருவி இக்குறைவை எண்ணித் தடிப்பாக மாற்றுகிறது. படிவு வேகத்திற்கேற்பச் சூடேற்றும் மின்னாற்றலைக் கூட்டியும் குறைத்தும் நடத்துகிறது. குறித்த தடிப்பு வந்ததும் மறைப்புத் தகட்டை மூடிவிடுகிறது. ஆனால், வேண்டிய எண்களை முன்னரே கொடுப்பது மனிதன் பணி.

முதலாவது எண் பொருளின் அடர்த்தி. அலுமினியத்திற்கு அது கன சென்டிமீட்டருக்கு 2.70 கிராம்; வெள்ளிக்கு 10.5 கிராம். வெள்ளியின் எண்ணை மாற்றாமல் அலுமினியத்தைப் படிவித்தால், கருவி தடிப்பை நான்கிலொரு பங்காகவே காட்டும். அது 100 என்று காட்டி நிற்கும்போது ஆடியில் ஏறத்தாழ 390 நானோமீட்டர் படிந்திருக்கும். மிகத் தடித்த படலம் சொரசொரப்புற்று ஒளியைச் சிதறடிக்கும். மிக மெலிந்ததோ ஒளியை ஊடுருவ விடும்.

இரண்டாவது படிவு வேகம். மெல்லப் படிந்தால் கலத்தில் எஞ்சிய வளிகள் உலோகத்தோடு கலந்து படலம் மங்கும். அளவுக்கு மீறிச் சூடேற்றினால் உருகிய துளிகள் தெறிக்கும். ஆதலின், மறைப்புத் தகட்டை மூடிவைத்தே உலோகத்தைப் படிப்படியாகச் சூடாக்கி, அழுக்கு நீங்கிய பின்னரே தகட்டைத் திறத்தல் வேண்டும்.

மூன்றாவது இடத்திருத்த எண். படிகமும் ஆடியும் ஓரிடத்தில் இல்லை. எனவே இரண்டிலும் ஒரே அளவு படிவதில்லை. இவ்வெண்ணை 100 விழுக்காடாக வைத்து, ஆடியின் இடத்தில் சிறு கண்ணாடித் துண்டொன்றில் முதலிற் படிவித்துப் பார்ப்பர். கருவி 100 நானோமீட்டர் காட்டியபோது துண்டில் 120 இருப்பதாக வேறோர் அளவி காட்டினால், திருத்த எண்ணை 120 விழுக்காடாக்குவர்.

இச்சோதனையை விடுத்து ஆடியையே கலத்தில் இட்டால் நேர்வது என்ன? கருவியில் எண்கள் ஒழுங்காகவே தோன்றும், படலமோ பழுதுபடும். பின்னர் அதனைக் கரைத்து நீக்கி மீண்டும் படிவித்தல் வேண்டும். அதுவரை வானை நோக்கும் இரவுகள் வீணாகும். கருவி தனக்குக் கொடுத்த எண்ணை ஐயுறாது. அதனை ஐயுற்று ஆராய்வதே அதனை இயக்குவோர் கடமையாகும்.