பிள்ளைகளிடம் வாகனத்தை ஒப்படைக்குமுன் பெற்றோர் கவனிக்க வேண்டியவை

க.பொ.த. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறுகள் வெளியாகும் வரையிலான மாதங்களில், எமது இளைஞர், யுவதிகள் பலர் சாரதி அனுமதிப்பத்திரம் பெற முனைவது வழமையாகிவிட்டது. 18 வயது பூர்த்தியானவர்கள் கார் செலுத்தச் சட்டம் இடமளிக்கின்றது. அவர்கள் எவ்வளவு நிதானமாகச் செலுத்துகின்றனர் என்பதில் பெற்றோர் காட்டும் அக்கறை, செலுத்தப்படும் வாகனம் எந்நிலையில் உள்ளது என்பதில் காட்டப்படுவதில்லை.

'பழகும் பிள்ளைக்குப் பழைய வாகனம் போதும்' என்ற எண்ணம் பல வீடுகளில் நிலவுகின்றது. இது ஆபத்தானதோர் எண்ணமாகும். பிரேக்கை இருமுறை அழுத்தினால்தான் வாகனம் நிற்கும் என்பதும், மழையில் அது ஒருபக்கமாக இழுக்கும் என்பதும் தந்தைக்குப் பழக்கத்தால் தெரியும். பிள்ளைக்கோ அது தெரியாது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார் ஒரு விநாடியில் 19 மீற்றருக்கு மேல் கடந்துவிடுகின்றது. ஏ9 வீதியில் இரவு வேளையில் கட்டாக்காலி மாடொன்று குறுக்கிடும்போது, பிரேக்கை இரண்டாம் முறை அழுத்த அவகாசம் இருக்காது.

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் பெறப்பட்டுள்ளதால் வாகனம் பாதுகாப்பானது எனக் கருதுவதும் தவறாகும். அதனைப் பெறுவதற்குக் காப்புறுதிச் சான்றிதழுடன், 2008 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த புகைப் பரிசோதனைச் சான்றிதழும் அவசியம். ஆயினும் அப்பரிசோதனை புகையை அளவிடுகின்றதேயன்றி, பிரேக்கையோ டயரையோ சோதிப்பதில்லை. பஸ், லொறி போன்றவற்றிடம் கோரப்படும் தகுதிச் சான்றிதழ் தனியார் பாவனைக் கார்களிடம் கோரப்படுவதில்லை. எனவே, அப்பொறுப்பு முற்றாக உரிமையாளரையே சார்கின்றது. 2020 முதல் 2025 இன் ஆரம்பம் வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் எமது வீதிகளில் ஓடும் வாகனங்கள் மேலும் முதுமையடைந்துள்ளன. 2022 இன் பொருளாதார நெருக்கடியைத் தொடர்ந்து உதிரிப்பாகங்களின் விலைகள் உயர்ந்தமையால் திருத்தவேலைகளைப் பிற்போடுவோரும் பெருகினர்.

முதலில் கவனிக்க வேண்டியது டயர். அதன் பக்கவாட்டில் பொறிக்கப்பட்டுள்ள நான்கு இலக்கங்களுள் முதலிரண்டு தயாரிக்கப்பட்ட வாரத்தையும் ஏனையவை ஆண்டையும் குறிப்பன. 1419 எனில், 2019 ஆம் ஆண்டின் 14 ஆவது வாரம். தவாளிப்புகள் ஆழமாகத் தோன்றினாலும், பல ஆண்டுகள் கடந்த இறப்பர் இறுகி வெடிப்புற்றிருக்கலாம். தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றர் வரை தேய்ந்துவிட்டால், ஈரவீதியில் அந்த டயரை நம்புதல் கூடாது.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரம் கலந்த எண்ணெய் கடும் வெப்பத்தில் ஆவியாகிப் பிரேக்கைச் செயலிழக்கச் செய்யலாம். ஆகையால், பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கொரு முறை அதனை மாற்றுவது நன்று.

ஆசனப்பட்டிகள் தடையின்றி இழுபட்டு இறுகப் பூட்டுகின்றனவா என்பதையும் பார்த்தல் வேண்டும். ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகளில் சில, வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த காலநிலையில் நாளடைவில் பழுதுற்று, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தன. அதனால் உலகெங்கும் கோடிக்கணக்கான வாகனங்கள் திருத்தத்திற்காக மீள அழைக்கப்பட்டன. எமது காலநிலையும் அத்தகையதே. பழைய ஜப்பானியக் கார் வைத்திருப்போர், அடிச்சட்ட இலக்கத்தைக் கொண்டு உரிய முகவரிடம் விசாரித்தறிவது அவசியம்.

இவற்றைப் பெற்றோர் தாமே செய்து முடிப்பதிலும், பிள்ளையையும் உடன் வைத்துச் செய்வதே சிறந்தது. வாரம் ஒருமுறை, இயந்திரம் குளிர்ந்திருக்கும் வேளையில், எண்ணெய் மட்டம், குளிரூட்டும் நீர், டயரின் காற்றழுத்தம், விளக்குகள் ஆகியவற்றைச் சரிபார்க்கப் பத்து நிமிடங்கள் போதும். சூடேறிய ரேடியேற்றரின் மூடியைத் திறக்கலாகாது என்பதையும் அப்போதே சொல்லிக் கொடுக்கலாம். மகளுக்கும் இப்பயிற்சி மகனுக்கு நிகராக வழங்கப்படல் வேண்டும்.

அனுபவக் குறைவு காலப்போக்கில் நீங்கிவிடும். வாகனத்தின் குறையோ காலப்போக்கில் பெருகும். இவ்விரண்டும் ஒரே வேளையில் வீதிக்கு வராமல் தடுப்பது, சாவியைக் கையளிப்பவரின் கடமையாகும்.