ஆழம் குறைந்தால் ஆபத்தும் குறையுமா?

என் வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. முதுகில் காற்று சிலிண்டரைச் சுமந்துகொண்டு கடலில் முக்குளித்த ஒருவர் மேலே வருகிறார். 30 மீட்டர் ஆழத்திலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது அவருடைய நுரையீரலுக்கு ஆபத்து மிகுதியா? அல்லது 10 மீட்டரிலிருந்து நீர்மட்டத்திற்கு வரும்போதா? பெரும்பாலோர் முதல் விடைக்கே கை தூக்குவார்கள். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா? விடையைத் தேடி ஒரு பவளப்பாறைக்குப் போய் வருவோம், வாருங்கள்.

அந்தமான் தீவுகளுள் ஒன்று ஹேவ்லாக். 2018ஆம் ஆண்டில் இதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றப்பட்டது. அதன் கரையை அடுத்து, நீமோ ரீஃப் எனப்படும் பவளப்பாறை நீருக்குள் மூழ்கிக் கிடக்கிறது. படகு வேண்டியதில்லை, கரையிலிருந்தே நடந்து இறங்கலாம். முதன்முறை வருவோரைப் பயிற்சியாளர் ஒருவர் உடனிருந்து அழைத்துச் செல்வார். வழக்கமாக 12 மீட்டருக்குக் கீழே அவர்களை இறக்குவதில்லை. கடல் அனிமோனின் கைகளுக்கிடையே ஒளிந்து விளையாடும் கோமாளி மீன்களை அங்கே காணலாம்.

பவளப்பாறை ஏன் இவ்வளவு மேலே அமைந்திருக்கிறது? பாறையைக் கட்டுபவை பவள உயிரிகள் என்னும் சிறு விலங்குகள். அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசிகள் ஒளிச்சேர்க்கையால் உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்குக் கொடுக்கின்றன. வெயில் நன்றாக எட்டும் ஆழத்தில்தான் இது நடக்கும். எனவே, பார்க்க வேண்டிய காட்சிகள் எல்லாம் மேல்மட்டத்திலேயே கிடைத்துவிடுகின்றன.

இனி இயற்பியலுக்கு வருவோம். கடல் மட்டத்தில் நம்மீது 1 வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. கடலுக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ இன்னொரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4.

ஊசி இல்லாத புதிய சிரிஞ்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி காற்றை இழுத்து, முனையை விரலால் அழுத்தி மூடி, தண்டை உள்ளே தள்ளுங்கள். காற்று 5 மில்லியாகச் சுருங்கும்போது அதன் அழுத்தம் இரண்டு மடங்காகியிருக்கும். 1662இல் ராபர்ட் பாயில் வெளியிட்ட விதி இதுதான்: வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ, வாயுவின் கன அளவு அத்தனை மடங்கு குறையும்.

இப்போது 30 மீட்டர் ஆழத்தில் ஒரு பலூனில் 1 லிட்டர் காற்றை அடைத்து மேலே விடுவோம். 20 மீட்டருக்கு வரும்போது அழுத்தம் 4இலிருந்து 3 ஆகிறது. காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரிகிறது. 20இலிருந்து 10 மீட்டருக்கு வரும்போது பாதிப் பங்கு விரிகிறது. கடைசி 10 மீட்டரிலோ அழுத்தம் 2இலிருந்து 1 ஆகிறது. காற்று இரண்டு மடங்காகிவிடுகிறது! ஏறும் தூரம் ஒன்றேதான். ஆனால் விரிவு மிகப் பெரியதாக இருப்பது நீர்மட்டத்தை ஒட்டித்தான்.

பலூனின் இடத்தில் நுரையீரலை வைத்துப் பாருங்கள். நீர் மார்பை அழுத்தும்போது சாதாரணக் காற்றை உறிஞ்ச முடியாது. அதனால், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும் வால்வு ஒன்று சிலிண்டரோடு இணைக்கப்பட்டுள்ளது. பிரான்சு நாட்டில் ழாக் குஸ்தோவும் எமில் கான்யானும் 1943இல் இதை உருவாக்கினார்கள். 10 மீட்டர் ஆழத்தில் ஒருவர் இந்த வால்வு வழியாக 5 லிட்டர் காற்றை இழுத்து, மூச்சை அடக்கியபடியே மேலே வந்தால், அது 10 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு ஏது இடம்? நுண்ணறைகள் கிழிந்து காற்று இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. காற்று நிறைந்த நுரையீரலோடு ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஏறினாலே காயம் ஏற்படலாம்.

"தூத்துக்குடி முத்துக்குளிப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டுதானே மூழ்கினார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அவர்கள் மூச்சை இழுத்தது நீருக்கு மேலே. அந்தக் காற்று கீழே போகும்போது சுருங்கி, மேலே வரும்போது பழைய அளவுக்கே திரும்பியது. சிலிண்டர்காரரோ அழுத்தப்பட்ட காற்றைக் கீழேயே நிரப்பிக்கொள்கிறார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

ஆகவே ஸ்கூபா பயிற்சியின் முதல் பாடம் நீச்சல் அன்று. "மூச்சை ஒருபோதும் அடக்காதே" என்பதுதான். இரண்டாவது பாடம், மெதுவாக மேலே வருவது. "உன் மூச்சுக் குமிழிகளில் மிகச் சிறியதைக்கூட முந்தாதே" என்பது முக்குளிப்பவர்களின் பழைய அறிவுரை. பயந்தவுடன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வது மனித இயல்பு. அந்த இயல்பை மாற்றத்தான் பயிற்சியாளர் வேண்டும்.

ஆழம் குறைந்த பவளப்பாறை தொடக்கநிலையாளருக்கு ஏற்ற இடம் என்பது உண்மையே. அங்கே ஒளி உண்டு. மேல்மட்டம் அருகில் உண்டு. ஆனால் பாயில் விதி மிகக் கண்டிப்பாக நடந்துகொள்ளும் இடமும் அதுவே. என் கேள்விக்கு இப்போது எந்த விடைக்குக் கை தூக்குவீர்கள்?