உஷார்! நாய் கீறியதை வீட்டில் மறைக்காதீர்கள்

நாயால் பேர் வாங்கிய ஊர் ராஜபாளையம். வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்குமாக நிற்கும் அந்த வேட்டை நாய்க்கு 2005-ல் அஞ்சல்துறை தபால்தலையே வெளியிட்டது. நாயோடு பழகிய ஊரில் நாய்க்கடிக்குப் பயம் கம்மிதான். "நம்ம தெரு நாய்தானே, லேசாப் பல் பட்டதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்பார்கள். மாணவர்களே, இந்தப் பேச்சை நம்பாதீர்கள். ரேபிஸ் எனும் வெறிநோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால், எந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் குணப்படுத்த மருந்து கிடையாது. பிழைத்தவர்கள் உலகம் முழுக்கத் தேடினாலும் வெகு சிலர்தான்.

உங்களிடம் ஏன் சொல்கிறோம்? மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் 99 சதவீதம் நாய்களால் வருகிறது. வெறிபிடித்ததாகச் சந்தேகிக்கப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். இது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு.

பெரும்பாலும் நடப்பது இதுதான். டியூஷன் முடிந்து வருகிற பையன் தெருமுனைக் குட்டிநாயைத் தூக்கிக் கொஞ்சுகிறான். முன்பல் மணிக்கட்டில் கீறி, பொட்டு அளவு ரத்தம் எட்டிப் பார்க்கிறது. எச்சிலைத் தொட்டுத் தடவி, சட்டைக் கையை இறக்கிவிட்டு வீட்டுக்குள் போய்விடுகிறான். அப்பா திட்டுவார், அதைவிடப் பெரிய பயம் ஊசி. நாலு நாளில் புண் காய்ந்துவிடும். கிருமியோ நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளையை நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். நோயின் அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரம், அபூர்வமாக ஒரு வருடம் தாண்டியும் வரலாம். முகத்திலோ தலையிலோ கடித்திருந்தால் இன்னும் சீக்கிரம். கிருமி மூளைக்குப் போய்ச் சேருவதற்குள் தடுப்பூசி முந்திக்கொள்ள வேண்டும்.

கடித்த உடனே

குழாயைத் திறந்து, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிடம் கழுவுங்கள். துணி துவைக்கும் சோப்பானாலும் சரி. காயத்தில் இருக்கும் கிருமியில் பெரும்பகுதியை இதுவே விரட்டிவிடும். மஞ்சள்தூள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். இறுக்கிக் கட்டாதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதில் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. ஊசிக்குக் காசு இல்லை. சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

இங்கேதான் ஏமாறுகிறோம்

"டி.டி. ஊசி போட்டாச்சு" என்று திரும்பி வந்துவிடுவார்கள். டி.டி. ரணஜன்னிக்கான ஊசி, ரேபிஸைத் தடுக்காது. நாய்க்கடித் தடுப்பூசி தனி.

ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசி மட்டும் போதாது. அது உடம்பில் வேலையைத் தொடங்கவே ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காக்க, காயத்துக்குள்ளும் சுற்றியும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைப் போட வேண்டும். "அது வேண்டுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

"நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைக் கவனிக்கலாம். வீட்டு நாய், குட்டி நாய், பூனை என்று எதற்கும் சலுகை கிடையாது. சதுரகிரி, செண்பகத்தோப்பு, அய்யனார் கோயில் அருவிப் பக்கம் போகும்போது தின்பண்டத்தைப் பிடுங்க வரும் குரங்கு பிராண்டினாலும் இதே வைத்தியம்தான்.

அரசு மருத்துவமனைகளில் பொதுவாகத் தோலில் போடும் ஊசிக்கு நாள்கணக்கு 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28. மூன்று தவணை முடிந்ததும் "அதான் ஆறிடுச்சே" என்று நான்காவதை விடுவது பெரிய தப்பு. சீட்டைப் பத்திரமாக வையுங்கள். கறி, மீன் என்று எதற்கும் பத்தியம் கிடையாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பழைய கதையைக் கேட்டுப் பயப்படாதீர்கள். அந்த ஊசியை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது கையில்தான் போடுகிறார்கள். 1885-ல் லூயி பாஸ்டர் முதன்முதலில் இந்தத் தடுப்பூசி போட்டது ஒன்பது வயதுப் பையனுக்கு, அவன் பிழைத்தான். நம் குன்னூரிலேயே 1907-லிருந்து பாஸ்டர் நிலையம் இருக்கிறது. இவ்வளவு காலமாகக் கையில் மருந்து இருந்தும் பிள்ளைகள் சாவது, சொல்லாமல் மறைப்பதாலும் பாதியில் விடுவதாலும்தான்.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் குழாயடிக்குக் கூட்டிப் போங்கள். திட்டுவதை நான்காவது ஊசி முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.