விடிய விடிய ரெக்கார்டிங்: கூத்து முடியும்போது ஃபைல் இருக்குமா?

உங்க ஊர் திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் தெருக்கூத்து நடக்குதுன்னு வெச்சுக்கோங்க. ராத்திரி 9 மணிக்கு மத்தளம் கொட்ட ஆரம்பித்தால் விடியற்காலை 6 மணி வரை ஓடும். பாடுகிற வாத்தியாருக்கு எழுபது தாண்டிவிட்டது. அடுத்த வருஷம் இதே கதையை அவர் நடத்துவாரா என்று யாருக்கும் தெரியாது. "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே, முழுசா ரெக்கார்ட் பண்ணிக் குடு" என்று பொறுப்பை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் ஆறு ட்ராக் பதியக்கூடிய ஒரு போர்ட்டபிள் ரெக்கார்டர். ஜூம் எச்6 மாதிரி, நாலு உள்ளீடும் மேலே ஒரு ஸ்டீரியோ மைக்கும் உள்ள சின்னக் கருவி.

எந்த மைக்கை எங்கே வைப்பது என்று சொல்லித் தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மத்தளத்துக்கு ஒன்று, முகவீணைக்கு ஒன்று, ஹார்மோனியத்துக்கு ஒன்று, மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து பாட்டுக்கு ஒரு லைன், மொத்தக் களத்துக்கும் மேலே உள்ள ஸ்டீரியோ. அவ்வளவுதான், ஆறு ஆச்சு. ஆனால் ஒன்பது மணி நேர ரெக்கார்டிங் மைக்கால் கெடுவது குறைவு. ஃபைலாலும் பேட்டரியாலும் கடிகாரத்தாலும்தான் கெடும். மூன்றுமே நாம் கிளாஸ்ல படிச்ச விஷயம்தான்.

முதலில் கணக்கு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு ட்ராக்குக்கு நொடிக்கு 48,000 × 3 = 1,44,000 பைட். ஆறு ட்ராக்குக்கு 8,64,000 பைட். மணிக்கு சுமார் 3.1 ஜிபி, ஒன்பது மணி நேரத்துக்கு 28 ஜிபி. 32 ஜிபி கார்டில் நுழைந்துவிடும், ஆனால் ஏன் அந்த டென்ஷன்? 64 போடுங்க. 96 கிலோஹெர்ட்ஸ் வைத்தால் அளவு இரட்டிப்பாகும். மைக் செட் ஒலியில் அதனால் காதுக்கு ஒரு லாபமும் இல்லை.

நொடிக்கு ஒரு எம்பி கூட எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் "ஸ்பீடு கார்டு" தேடி காசை இறைக்க வேண்டாம். நீங்கள் பயப்பட வேண்டியது போலி கார்டுக்கு. வெளியே 64 என்று அச்சடித்து உள்ளே 8 ஜிபி சிப் இருக்கும். எட்டு நிரம்பின பிறகும் எழுதுகிற மாதிரி நடிக்கும். வாங்கினவுடன் எச்2டெஸ்ட்டபிள்யூ போன்ற இலவசப் புரோகிராம் ஒன்றால் கார்டு முழுக்க எழுதி, திரும்பப் படித்துப் பாருங்கள். பிறகு ரெக்கார்டரிலேயே ஃபார்மேட் செய்யுங்கள்.

இப்போது முக்கியமான இடம். வேவ் ஃபைலின் தொடக்கத்தில் ஒரு தலைப்பகுதி இருக்கும். "எனக்குள் இத்தனை பைட் ஒலி இருக்கு" என்று அது சொல்லும். அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அதாவது 4 ஜிபிக்கு மேல் எண்ணத் தெரியாது. பழைய எஃப்ஏடி32 ஃபார்மேட்டிலும் ஒரு ஃபைலுக்கு அதே வரம்பு. அதனால் கருவிகள் 2 ஜிபியிலோ 4 ஜிபியிலோ ஃபைலை மூடிவிட்டு, நிறுத்தாமல் அடுத்த ஃபைலைத் திறக்கும். ஆறு ட்ராக்கும் ஒரே ஃபைலில் என்றால் 2 ஜிபி வரம்பு 41 நிமிஷத்தில் வந்துவிடும். ட்ராக்குக்கு ஒரு ஃபைல் என்றால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இந்தத் தொல்லைக்காகவே ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியம் ஆர்எஃப்64 என்று 64 பிட் வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. எல்லாக் கருவியிலும் அது கிடையாது.

"நாலு மணி நேரம் ஒரே ஃபைல், சூப்பர்" என்று தோன்றும். இல்லீங்க, அதுதான் ஆபத்து. மொத்த அளவு ஃபைலை மூடும்போதுதான் தெரியும் என்பதால், பல கருவிகள் தலைப்பகுதியைக் கடைசியில்தான் சரியாக எழுதும். கார்டின் ஃபைல் பட்டியலிலும் அளவு அப்போதுதான் ஏறும். நடுவில் பவர் போனால் காலையில் கம்ப்யூட்டர் "0 பைட்" என்று காட்டும். ஒலி கார்டில்தான் இருக்கிறது, முகவரிதான் இல்லை. அந்த நிலை வந்தால் கார்டில் வேறு எதையும் எழுதாதீர்கள்; முழுக் கார்டையும் ஒரு இமேஜாக நகல் எடுத்து அதில் தேடுங்கள். ஆறும் ஒரே ஃபைலாக இருந்தால் பெரும்பாலும் வரிசையாகக் கிடைக்கும், ஆடாசிட்டியில் ரா டேட்டாவாகத் திறக்கலாம். தனித்தனி ஃபைல் என்றால் ஆறின் துண்டுகளும் கார்டில் மாறி மாறிக் கிடக்கும். சீட்டுக்கட்டைக் கலைத்த மாதிரி.

ஆகவே என் கட்சி இது: மணிக்கு ஒரு தடவையாவது ஃபைலை மூடுங்கள். நிறைய ரெக்கார்டர்களில் ஒலியை விடாமல் புது ஃபைல் தொடங்க ஒரு வசதி உண்டு, மெனுவில் தேடுங்கள். அது இல்லையென்றால், ஒரு வேஷம் உள்ளே போய் அடுத்த வேஷத்துக்குத் திரை பிடிக்கிற நேரத்தில் நிறுத்தி மறுபடி தொடங்கலாம். சில நொடி போகும், ஆனால் பவர் போனால் இழப்பது ஒரு மணி நேரம் மட்டுமே.

விட்டுப்போகாமல் இணைகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். போனிலிருந்து ஒரே சைன் டோனை ரெக்கார்டருக்குள் விட்டு, ஃபைல் மாறும் வரை ஓடவிடுங்கள். பிறகு இரண்டு ஃபைலையும் முனையோடு முனை ஒட்டிக் கேளுங்கள். 'டக்' என்று சத்தம் வந்தால் சில சாம்பிள் காணாமல் போயிருக்கிறது.

அடுத்து பேட்டரி. 2000 மில்லிஆம்பியர்-அவர் ரீசார்ஜ் செல் நாலு சேர்ந்தால் 9.6 வாட்-அவர். கருவி 1.2 வாட் இழுத்தால் எட்டு மணி நேரம். ஆனால் கண்டென்சர் மைக்குக்கு 48 வோல்ட் ஃபேன்டம் பவர் போட்டால் கதை மாறும். மைக்குக்கு 4 மில்லிஆம்பியர் என்றாலும் இரண்டு மைக்குக்கு 0.4 வாட், வோல்டேஜை ஏற்றும்போது ஆகிற நஷ்டத்தோடு அரை வாட் என்று வையுங்கள். எட்டு மணி ஐந்தரை மணியாகிவிடும். அதாவது ராத்திரி இரண்டரை வாக்கில், கூத்து சூடு பிடிக்கிற நேரத்தில் படுத்துவிடும். மத்தளத்துக்கும் முகவீணைக்கும் டைனமிக் மைக் போதும், அதுக்கு ஃபேன்டம் வேண்டாம்.

10,000 மில்லிஆம்பியர்-அவர் பவர் பேங்க் ஒன்று விடியும் வரை தாராளம். ஒரு சிக்கல்: குறைந்த கரண்ட் இழுத்தால் "போன் சார்ஜ் ஆயிடுச்சு" என்று நினைத்து அணைந்துவிடும் பவர் பேங்க்குகள் உண்டு. முன்கூட்டியே ஒரு ராத்திரி ஓடவிட்டுப் பாருங்கள். உள்ளே செல்லும் இருக்கட்டும். ஒயரைப் பிடுங்கினால் நிற்காமல் செல்லுக்கு மாறுகிறதா என்றும் சோதியுங்கள். ஜெனரேட்டர் கரண்டில் சார்ஜர் மாட்டுவதைத் தவிருங்கள். மைக் செட் லைனும் சார்ஜரும் சேர்ந்தால் எர்த் வழியாக 'உம்ம்' என்று இரைச்சல் ஏறிக்கொள்ளும்.

லெவலைப் பற்றி நீட்ட வேண்டாம். 24 பிட்டில் இடம் தாராளம்; அதிக சத்தம் -12 டெசிபலைத் தாண்டாமல் வைத்துவிட்டு, கையை எடுத்துவிடுங்கள். நடு ராத்திரி கட்டியங்காரன் மைக்கில் கத்துவார், அதற்கும் இடம் வேண்டும்.

கடைசியாக கடிகாரம். "இன்னொரு ஃப்ரெண்டோட ரெக்கார்டரையும் எதிர்ப்பக்கம் வைப்போமே" என்று ஆசை வரும். இரண்டு கருவியும் 48,000 என்றுதான் சொல்லும், ஆனால் ஒவ்வொன்றின் குவார்ட்ஸ் கிரிஸ்டலும் அதனதன் இஷ்டத்துக்கு ஓடும். ஒன்று பத்து லட்சத்தில் 20 பங்கு வேகமாகவும் மற்றொன்று அதே அளவு மெதுவாகவும் போனால், 9 மணி நேரத்தில் (32,400 நொடி) 1.3 நொடி விலகிவிடும். தாளம் அடித்து ஒரு நொடி கழித்து எதிர்ப்பக்கத் தாளம் கேட்கும். அதனால்தான் ஆறு ட்ராக்கும் ஒரே கருவியில், ஒரே கிரிஸ்டலில் இருப்பது பெரிய நிம்மதி. இரண்டாவது கருவி கட்டாயம் வேண்டுமென்றால் தொடக்கத்தில், நடுவில், முடிவில் மூன்று தடவை ஓங்கிக் கைதட்டிப் பதியுங்கள். அந்தப் புள்ளிகளை வைத்து ஒரு ஃபைலை இழுத்துச் சரிசெய்யலாம். நடுவில் ஏன் என்றால், ராத்திரி குளிர ஆரம்பித்ததும் கிரிஸ்டலின் வேகமும் கொஞ்சம் மாறும்.

ஆரம்பிக்கும் முன் ஊர், தேதி, கதை, ஜமா பெயர், வாத்தியக்காரர்கள் பெயர் எல்லாவற்றையும் அவர்களையே மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். பதிவு செய்யச் சம்மதம் என்பதையும் சேர்த்து. காலையில் ஸ்டாப் அழுத்தினதும் பவர் பட்டனில் கை வைக்காதீர்கள். திரையில் எழுதி முடிக்கட்டும். இரண்டு இடத்தில் காப்பி எடுத்து, ஒவ்வொரு ஃபைலையும் திறந்து கடைசி நிமிஷத்தைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும். ஒரு காப்பி வாத்தியார் வீட்டுக்குப் போகட்டும், அவர் பேரன் போனில் ஓடுகிற எம்பி3யாக.