பணம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூரில் பேருந்திலிருந்து இறங்குகிறவர்கள் கதவருகே உள்ள கருவியில் கார்டைத் தொட்டுவிட்டு ஒரு கணம் அதன் திரையைப் பார்ப்பார்கள். இவ்வளவு கழிந்தது, இவ்வளவு மீதி என்று இரண்டு எண்கள் தோன்றி மறையும். அந்த எண்கள் இனி வராது என்று 2024 ஜனவரியில் தெரிந்ததும் ஊரே கொதித்தது. கண்ணிமைக்கும் நேரம் நிற்கிற எண்ணுக்கா இத்தனை கோபம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்திருக்கலாம். அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் அப்படி நினைக்கத் தோன்றாது.

முதலில் கார்டைப் பார்ப்போம். அதில் பேட்டரி கிடையாது. உள்ளே ஓரமாகச் சில சுற்று மெல்லிய கம்பி, அதோடு இணைந்த ஒரு சின்னஞ்சிறு சில்லு, அவ்வளவுதான். பைக்குள் கிடக்கும்வரை அது உயிரற்ற பிளாஸ்டிக். கருவிக்குள் இருக்கும் கம்பிச்சுருளோ நொடிக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் முறை அலைவுறும் காந்தப்புலத்தை எழுப்பிக்கொண்டிருக்கிறது. மாறும் காந்தப்புலம் அருகிலுள்ள கம்பியில் மின்சாரத்தைத் தூண்டும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்தார் அல்லவா, அந்த விதிப்படிதான் கார்டுக்கு உயிர் வருகிறது. சில சென்டிமீட்டர் நெருங்கினால் போதும், சில்லு விழித்துக்கொள்ளும்.

அது பதில் பேசும் விதம் இன்னும் அழகு. பேசுவதற்கென்று தனியாக ஒரு வானொலிப் பொறி அதனிடம் இல்லை. கருவி தரும் மின்சாரத்தையே கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் உறிஞ்சுகிறது. தூண்டிலை மீன் கடித்தால் கையில் ஓர் இழுப்பு தெரியுமே, அதுபோல அந்த ஏற்ற இறக்கம் கருவிக்குத் தெரிகிறது. அந்த இழுப்புகளின் வரிசைதான் கார்டின் மொழி.

அந்த மொழியில் இருவரும் ரகசியச் சாவிகளைக் கொண்டு ஒருவரை ஒருவர் சோதித்துக்கொள்கிறார்கள். ஏறிய நிறுத்தம் எது என்பது கார்டிலேயே எழுதப்படுகிறது. இறங்கும்போது கருவி அதைப் படித்து, தூரத்துக்கு ஏற்ற கட்டணத்தைக் கழித்து, மீதியைத் திரும்ப எழுதுகிறது. இறங்கும்போது தொட மறந்தால் கணக்கு மூடப்படாமலே நிற்கும். வண்டியின் கடைசி நிறுத்தம்வரை போனதாகக் கட்டணம் பிடிப்பது அதனால்தான்.

இத்தனையும் முடிய ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஆனால் அந்த நேரமாவது கார்டு புலத்துக்குள் இருக்க வேண்டும். அவசரத்தில் கையை இழுத்துக்கொண்டால் பாதி எழுதும்போதே மின்சாரம் அறுந்துவிடும். பணம் காணாமல் போகாதபடி, புதிய எண்ணை முழுதாக எழுதி முடிக்கும்வரை பழைய எண்ணை அழிக்காமல் வைத்திருக்கும்படி இந்தச் சில்லுகளை அமைக்கிறார்கள். ‘மறுபடி தொடுங்கள்’ என்று திரை சொல்வதை நாம் இயந்திரக் கோளாறு என்று திட்டுகிறோம். பெரும்பாலும் அது நம் பணத்தைக் காக்கிற எச்சரிக்கைதான்.

இந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிக்காக ஜப்பானில் ஒரு பெரிய உழைப்பே நடந்திருக்கிறது. 2001 நவம்பரில் வந்த சுயிகா என்ற ரயில் பயணக் கார்டுக்கான நிலைய வாயில்களை முன்னதாகச் சோதித்தபோது மக்கள் கார்டை எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் தடுமாறினார்கள். சிலர் கருவிக்கு முன் வீசிக் காட்டிவிட்டுப் போனார்கள், சிலர் நிமிர்த்திப் பிடித்தார்கள். வடிவமைப்பாளர் ஷுன்ஜி யமனாக்கா பல மாதிரிகளைச் செய்து பார்த்து, கருவியின் முகத்தைப் பயணியை நோக்கி 13.5 டிகிரி சாய்த்தார். காட்டச் சொல்லாமல் தொடச் சொன்னார்கள். தொடும்போது கை தானாக ஒரு கணம் நிற்கிறது. சில்லுக்குத் தேவையான நேரம் அதில் கிடைத்துவிடுகிறது. மனிதனின் பழக்கத்துக்கு இயந்திரத்தை வளைத்த இந்த வேலையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இதுவரை சொன்ன முறையில் பணம் கார்டுக்குள் இருக்கிறது. லண்டன் பேருந்துகளில் 2012-லும் சுரங்க ரயிலில் 2014-லும் வங்கிக் கார்டையே தொட்டுப் பயணம் செய்யும் வசதி வந்தது. வங்கிக் கார்டில் ஏறிய நிலையத்தையோ மீதியையோ வாயில் கருவி எழுதிவைக்க முடியாது. எனவே கணக்கு தொலைவிலுள்ள கணினிக்குப் போனது. கார்டு ‘நான் இன்னார்’ என்று மட்டும் சொல்லும். மற்றதைக் கணினி பிறகு பார்த்துக்கொள்ளும்.

பணம் நிரப்பும் பயணக் கார்டுகளையும் இப்படி நடத்தலாம். இதில் நன்மை உண்டு. கார்டு தொலைந்தால் அதை முடக்கி மீதியைக் காப்பாற்றலாம். எங்கிருந்தும் பணம் நிரப்பலாம். ஆனால் மீதி எவ்வளவு என்பது வாயிலில் நிற்கும் கருவிக்குத் தெரியாது. கணினியைக் கேட்டுப் பதில் வாங்கச் சில நொடிகள் பிடிக்கும். நெரிசல் நேரத்தில் ஒவ்வொருவருக்கும் அத்தனை நொடி என்றால் வரிசை படிக்கட்டுவரை நீளும். ஆகவே எண்ணைக் காட்டுவதையே விட்டுவிட்டார்கள். வேண்டுமானால் கைபேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

வயது வந்தோருக்கான பழைய கார்டுகளை 2024 ஜூன் 1-க்குள் இந்த முறைக்கு மாற்ற வேண்டும் என்றுதான் சிங்கப்பூர் நிலப் போக்குவரத்து ஆணையம் அந்த ஜனவரியில் அறிவித்தது. பொறியியல் கணக்கில் அதில் பிழை இல்லை. பயணியின் கணக்கில் பெரும் பிழை. கையிருப்பை எண்ணி எண்ணிச் செலவழிக்கிறவருக்கு நாளைய பயணத்துக்குக் கார்டில் பணம் இருக்கிறதா என்பது இறங்கும்போதே தெரிய வேண்டும். கடைக்காரர் விலையைச் சொல்லாமல் காசை எடுத்துக்கொண்டு, பிறகு பார்த்துக்கொள்ளுங்கள் என்றால் யார்தான் பொறுப்பார்கள்?

அறிவிப்பு வந்து இரண்டே வாரத்தில், ஜனவரி 22 அன்று, அரசு பின்வாங்கியது. பழைய முறையைத் தொடர்ந்து நடத்தக் கூடுதலாக 4 கோடி சிங்கப்பூர் வெள்ளி ஒதுக்கப்பட்டது. திரையில் அந்த இரண்டு எண்களும் தங்கின.